அம்புக்குப் பதிவு எண் கிடையாது

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு காணொளியைப் போட்டுக் காட்டுவேன். வாயோரம் ரத்தம் வழிய ஒரு ரக்பி வீரர் மைதானத்தை விட்டு வெளியே வருகிறார். வரும்போது யாரையோ பார்த்துக் கண் சிமிட்டுகிறார். என்ன காயம் என்று கேட்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டார், பல் ஆடுகிறது, உதடு கிழிந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காயமே இல்லை.

2009 ஏப்ரல் 12, லண்டனின் ஸ்டூப் மைதானம். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் ஹெய்னகன் கோப்பைக் காலிறுதியில் லண்டனின் ஹார்லிக்வின்ஸ் அணி, அயர்லாந்தின் லென்ஸ்டரிடம் 5-6 என்று ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. உதைத்துப் புள்ளி எடுக்கக்கூடிய நிக் எவன்ஸ் காயத்தால் ஏற்கெனவே வெளியே போயிருந்தார். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ரத்தம் வந்தால், வெளியேறியவரும் அவருக்குப் பதிலாக உள்ளே வரலாம் என்று ரக்பி விதி இடம் கொடுத்தது. வீரரின் உடல்நலம் கருதி வைத்த விதி அது.

டாம் வில்லியம்ஸின் வாயில் வழிந்தது, கிளாபம் பகுதியில் வேடிக்கைப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய குப்பி மாத்திரையின் செயற்கை ரத்தம். அதை வாங்கியவரும், சிகிச்சைக்கு ஓடுவதுபோல் ஓடிப்போய் அவரிடம் கொடுத்தவரும் அணியின் பிசியோ. கொடுக்கச் சொன்னவர் அணியை நடத்திய ரக்பி இயக்குநர் டீன் ரிச்சர்ட்ஸ் (முன்னாள் போலீஸ்காரர்!). எவன்ஸ் உள்ளே வந்து, பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு முயன்றார், பந்து விலகிப்போனது, அணி தோற்றது. இதற்குள் எதிரணி மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உடைமாற்றும் அறைக்கு வெளியே ஆட்கள் நிற்க, நிஜக் காயம் வேண்டுமென்று உள்ளே வில்லியம்ஸ் கெஞ்ச, அணியின் மருத்துவர் அவருடைய உதட்டைக் கீறினார். இந்த இடத்தில் மாணவர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

ஜூலையில் விசாரணை நடந்தது. மாத்திரையைக் கடித்த வில்லியம்ஸுக்கு 12 மாதத் தடை, கிளப்புக்கு அபராதம். இயக்குநர் மீதும் பிசியோ மீதும் இருந்த குற்றச்சாட்டுகள் தள்ளுபடி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? வில்லியம்ஸ் மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் கணக்கு நேரானது. அவருடைய தடை நான்கு மாதமாகக் குறைந்தது. ரிச்சர்ட்ஸுக்கு மூன்று ஆண்டு, பிசியோவுக்கு இரண்டு ஆண்டு. கிளப்பின் அபராதம் மூன்று லட்சம் யூரோவாக உயர்ந்தது. கிளப்பின் தலைவர் பதவி விலகினார். அதற்கு முன்பும் நான்கு முறை ரத்தக் காயம் ஜோடிக்கப்பட்டது என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. நான்கு முறை நடந்ததைத் தனிமனிதத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தமும் சம்பளமும் அணியில் இடமும் யார் கையில் இருக்கின்றனவோ, முதல் பொறுப்பு அவர்களுடையது.

ஆனால் அந்தப் பழமொழிக்குப் பின்னால் பிசியோ ஒளிந்துகொள்ள முடியாது. அம்புக்குப் பதிவு எண் கிடையாது, நமக்கு உண்டு. பிரிட்டனில் மருத்துவத் துறையினரின் ஒழுங்கு மன்றங்களும் இந்த விவகாரத்தைத் தனியாக விசாரித்தன. 2010-இல் அந்த பிசியோவைப் பதிவேட்டிலிருந்தே நீக்கினார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. மருத்துவர் எச்சரிக்கையோடு தப்பினார். இன்று பெரிய ரக்பி போட்டிகளில் அணிகளைச் சாராத மருத்துவர்கள் மைதானத்தில் இருக்கிறார்கள். சிறிய போட்டிகளில் அந்த வசதி இல்லை. பயிற்சியாளரின் பெஞ்சிலேயே, அவர் தரும் சம்பளத்திலேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே அணியில் சேரும்போதே, காயத்தைப் பற்றிய முடிவு என்னுடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மைதானத்துக்குள் போன ஒவ்வொரு முறையும் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதை அன்றைக்கே நேரத்தோடு குறித்துவையுங்கள். பொய்யை யாரும் எழுதி வைக்க விரும்புவதில்லை. அந்தக் குறிப்பேடே பாதிப் பேரைத் தடுத்துவிடும்.

பெரிய மனிதனாக இதை எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரிக் கால்பந்துப் போட்டியில், "பையன்கள் மூச்சு வாங்கட்டும், இரண்டு நிமிடம் இழுங்கள் சார்" என்றார் அணி மேலாளர். தரையில் படுத்திருந்த பையனின் நல்ல முழங்காலில் குளிர் ஸ்ப்ரேயை அடித்துக்கொண்டே இருந்தேன். கூச்சம் தாங்காமல் அவன் சிரித்தான். முகத்தை மூடிக்கொள் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் அதே பையன் அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், நான் திரும்பி மேலாளரின் முகத்தைப் பார்த்தேன்.