படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வையுங்கள்

சினிமா ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். சின்ன பட்ஜெட்டில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கேமராவை வாடகைக்கு எடுத்து, சொந்த ஊரிலேயே ஷூட்டிங்கை முடித்திருப்பார்கள். அதுவரை எந்தச் சண்டையும் இருக்காது. ஏதாவது ஒரு திரைப்பட விழாவில் படம் தேர்வானதும் 'இது யார் படம்' என்ற கேள்வி வந்துவிடும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. சிறந்த படத்துக்கான தேசிய விருதை இருவருக்கும் கொடுக்கிறார்கள். சட்டத்தில் மட்டும் இயக்குநருக்கு இடமில்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் திருந்தும்வரை உங்கள் படம் காத்திருக்காது.

சரி, தயாரிப்பாளர் என்றால் யார்? படத்தை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர் என்கிறது சட்டம். பணம் கொடுத்தவர் என்று சொல்லவில்லை. மாமா இரண்டு லட்சம் தந்தார் என்பதற்காக மட்டும் அவர் தயாரிப்பாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் கேமரா வாடகை ரசீது, ஸ்டுடியோ பில், சென்சார் விண்ணப்பம் எல்லாம் அவர் பெயரில் இருந்தால், பொறுப்பேற்றவர் அவர்தான் என்று வாதாட வழி கிடைத்துவிடும். அதனால் அவர் தந்தது கடனா, பங்கா என்பதை முதல் நாளே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

இயக்குநருக்குக் கைகொடுப்பது திரைக்கதை. நீங்களே எழுதியிருந்தால் அதற்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. 'ஆரண்ய காண்டம்' படம் தொடர்பான வழக்கில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம், தயாரிப்பாளர் படத்தை டப்பிங் செய்யலாம், ரீமேக் செய்ய வேண்டுமானால் திரைக்கதை எழுதியவரிடம் உரிமை பெற வேண்டும் என்ற நிலையை எடுத்தது. உரிமையை விற்ற பிறகும் 'எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். ஆனால் வாயால் சொன்ன கதைக்கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1978-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. முழுதாக எழுதுங்கள், ஒவ்வொரு டிராஃப்டையும் தேதியோடு மின்னஞ்சலில் வைத்திருங்கள், எழுத்தாளர் சங்கத்தில் பதிவும் செய்துவிடுங்கள்.

திரைக்கதையின் பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. அச்சடித்த ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது சம்பளமே வாங்காமல் வேலை செய்பவர்களின் நிலை. ஓர் ஒலிப்பதிவாளர் வந்திருந்தார். மலைக்கிராமத்தில் குளிரில் பூம் மைக் பிடித்து லைவ் சவுண்ட் எடுத்தவர். விழாவுக்குப் போன பிரதியில் அவர் பெயர் 'நன்றி' பட்டியலில் இருந்தது. அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம், 'காலைல ஆறு மணிக்கு வந்துருங்க ப்ரோ' என்ற வாட்ஸ்அப் செய்தி. ஒலிப்பதிவாளரின் பெயர் டைட்டிலில் வர வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒன்றுதான் அவருக்குத் துணை.

நடிகர்களுக்கும் டைட்டில் கார்டு வெறும் மரியாதை இல்லை. போகிற போக்கில் வந்துபோகும் வேடத்தில் நடித்து, துறை வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராதவரைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்றே கருதுவதில்லை. ஒன்றிரண்டு பாதுகாப்பு தவிர மற்ற உரிமைகள் அவருக்குப் போய்விடும்.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். யாருக்கு என்ன வேலை, பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் எந்த இடத்தில் வரும், படம் விற்றால் யாருக்கு எவ்வளவு, ஃபுட்டேஜ் இருக்கும் ஹார்ட் டிஸ்க் யாரிடம் இருக்கும். எளிய தமிழில் எழுதினாலே செல்லும். ஷூட்டிங் ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால், சென்சாருக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பாவது எல்லோரையும் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தயாரிப்பாளர் என்று ஒரு பெயர் அந்தச் சான்றிதழில் ஏறிய பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.