எத்தனை ஐஸ் பார், எத்தனை சர்வர்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம் கரையில் விசைப்படகுகள் பழுது பார்த்து, பெயின்ட் அடித்துக் காத்து நிற்கும். தடை முடிகிற அன்று அத்தனை படகுக்கும் ஒரே நேரத்தில் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும். என் மாமா நாலைந்து நாள் முன்பே ஐஸ் கம்பெனியில் சொல்லி வைத்துவிடுவார். "கிளம்புற அன்னைக்குப் போய் நின்னா ஐஸ் பார் உடனே உறைஞ்சு வந்துருமா மாப்ளே?" என்பார். என் வேலையில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ராமேஸ்வரத்தில் தங்கும் அறைகளை முன்பதிவு செய்யும் ஒரு சிறிய இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண நாளில் அந்தத் தளத்தை ஓட்ட இரண்டு சர்வர், அதாவது இரண்டு கணினி, தாராளம். ஆடி அமாவாசை வந்தால் அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது; அதற்கு முந்தைய நாட்களில் தளத்திலும் அதே நெரிசல்தான். அதற்காகப் பத்து சர்வரை ஆண்டு முழுக்க வைத்திருந்தால் வாடகை கட்டுப்படியாகாது. அமேசான் 2006-ல் சர்வர்களைத் தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு விடத் தொடங்கியது. கூட்டத்துக்கேற்ப அவற்றின் எண்ணிக்கை தானாகக் கூடிக் குறையும் வசதி 2009-ல் வந்தது.

சர்வர்கள் இருப்பதோ மும்பையில். நள்ளிரவில் யார் போய் சுவிட்ச் போடுவது? அதற்குத்தான் ஏபிஐ. நம் நிரல், இப்படிச் சர்வர்களை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனத்தின் நிரலிடம் இன்னது வேண்டும் என்று கேட்பதற்கான வாசல் அது. அந்த வாசலில் முக்கியமாக மூன்று எண்களைச் சொல்கிறோம்: எவ்வளவு குறைந்தாலும் இத்தனைக்குக் கீழே போகாதே, எவ்வளவு கூடினாலும் இத்தனையைத் தாண்டாதே, இப்போதைக்கு இத்தனை வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது எண். "இன்னும் இரண்டு சேர்" என்று கேட்பதில்லை, "மொத்தம் ஐந்து இருக்கட்டும்" என்றுதான் கேட்கிறோம். கேட்டபின் இணைப்பு அறுந்துவிட்டது, பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு சேர்" என்பதை மறுபடி அனுப்பினால் நான்கு கூடிவிடலாம். "ஐந்து இருக்கட்டும்" என்பதைப் பத்து முறை அனுப்பினாலும் ஐந்துதான். ஒரு சர்வர் செத்துப்போனால்கூட, எண்ணிக்கை குறைகிறதே என்று கிளவுட் அமைப்பே இன்னொன்றை எழுப்பிவிடும்.

சரி, ஐந்து என்ற எண் எங்கிருந்து வருகிறது? எளிய கணக்குதான். சர்வரின் மூளையான சிபியு 60 சதவீதம் வரை உழைக்கலாம் என்று இலக்கு வைக்கிறோம். மூன்று சர்வர்கள் ஓடுகின்றன, சராசரி 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மூன்றை 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 4.5, மேலே முழுதாக்கினால் 5. அதே சுமை ஐந்து பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு 54 சதவீதம். கூகுள் 2014-ல் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள், சர்வர்களில் ஓடும் நிரலின் பிரதிகளைக் கூட்டிக் குறைக்கும்; அதுவும் இந்தக் கணக்கை வழக்கமாக 15 நொடிக்கு ஒருமுறை போடும். கூட்டுவதற்குத் தயங்காது. குறைப்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும். இல்லாவிட்டால் ஒரு நிமிட அமைதியை நம்பி ஒரு பிரதியை அணைத்து, அடுத்த நிமிடமே திரும்ப எழுப்ப வேண்டிவரும்.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். சர்வரும் கேட்ட நொடியில் கைக்கு வராது. எழுந்து, நிரலை ஏற்றி, பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸுடன் இணைந்து தயாராக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கலாம். இதற்கிடையில், வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் "நலமா?" என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். தயாராகாத சர்வரால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? பதில் வராததைக் கண்டு, எண்ணிக்கையைக் கவனிக்கும் கிளவுட் அமைப்பு இது கெட்டுவிட்டது என்று அணைத்து, புதிதாக ஒன்றை எழுப்பும். அதற்கும் அதே கதி. கூட்டம் வாசலில் நிற்க, சர்வர்கள் எழுவதும் சாவதுமாகவே நேரம் போகும். இதைத் தடுக்க, எழுந்ததிலிருந்து இத்தனை நொடி பொறு என்று ஓர் அவகாசம் தரவேண்டும். அமேசானில் திரையில் சொடுக்கிச் சர்வர் குழுவை உருவாக்கினால் அந்த இடத்தில் 300 நொடி தானாகவே நிரம்பியிருக்கும். ஏபிஐ வழியாக உருவாக்கி, அவகாசத்தைச் சொல்லாமல் விட்டால் அது 0. நிரல் எழுதுகிறவர்கள் இந்த ஓர் எண்ணை மறக்கவே கூடாது.

சர்வரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பாம்பன் கால்வாயைக் கடக்கும்போது எத்தனை படகு வந்தாலும் வரிசையில்தான் போக முடியும். படகு கூடுவதால் கால்வாய் அகலமாகாது. நம் தளத்தில் அந்தக் கால்வாய் டேட்டாபேஸ். இருபது சர்வர்களும் அந்த ஒன்றிடமே போய் நின்றால், அது திணறி எல்லாமே நிற்கும். ஆகவே உச்ச வரம்பை முடிவு செய்யும்போது பில்லை மட்டும் பார்த்தால் போதாது, டேட்டாபேஸ் எத்தனை இணைப்பு தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆடி அமாவாசை என்றைக்கு என்று நாள்காட்டியிலேயே இருக்கிறது. அதனால் நெரிசலை அளந்து பார்த்துக் கூட்டும்வரை நான் காத்திருப்பதில்லை. இன்ன நேரத்தில் குறைந்தது ஆறு சர்வர் இருக்கட்டும் என்று ஏபிஐயிடம் முன்பே சொல்லிவிடுவேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நேர மண்டலத்தைச் சொல்லாவிட்டால் அது உலகப் பொது நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நமக்கு அதிகாலை 4 மணி என்பது அதன் கணக்கில் முந்தைய நாள் இரவு 10.30. அப்படியே 4 என்று எழுதிவிட்டால் சர்வர்கள் காலை 9.30-க்குத்தான் எழும்.

அப்புறம் கூட்டம் கலையும். ஆறு ஐந்தாகும், நான்காகும். அணைக்கப்போகும் சர்வருக்குப் புதிதாக யாரையும் அனுப்புவதை லோடு பேலன்சர் முதலில் நிறுத்தும். பணம் கட்டிய தகவல் வந்து, ஒரு குடும்பத்தின் அறை பதிவாகிக்கொண்டிருக்கிற அந்த இரண்டு நொடியில் சர்வர் போய்விடக் கூடாதல்லவா? கையில் இருப்பதை முடிக்க அதற்கு வழக்கமாக 300 நொடி வரை கிடைக்கும். பதிவு முடிந்து, அந்தக் குடும்பத்துக்குக் குறுஞ்செய்தி போனபிறகுதான் அது அணையும்.