‘பாத்துக்கலாமுங்க’ என்றால் யார் பார்ப்பது?

திருப்பூர்ப் பக்கம் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று ‘பாத்துக்கலாமுங்க’. இன்னொன்று ‘சொல்லியாச்சுங்க’. கேட்க இதமான சொற்கள், நானும் பேச்சு வந்த நாளிலிருந்து பேசுகிறேன். ஆனால் இந்த இரண்டிலும் ஆள் இல்லை. பார்க்கப்போவது யார், சொன்னது யார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார், எதுவுமே அந்த வினைச்சொல்லுக்குள் கிடையாது. வீட்டில் பேச இது போதும். 14,000 பீஸ் கப்பலேற வேண்டிய ஆர்டருக்குப் போதாது.

நான் 11 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குகிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிப்பவனாக இருந்தவன். இப்போது சிறிய, நடுத்தர யூனிட்களுக்கு ஆர்டர் திட்டமிடலிலும், யாருக்கு எந்த வேலை என்று பிரித்து வைப்பதிலும் உதவுகிறேன். இந்தப் பக்கம் நான் வரக் காரணம் ஒரு லேபிள்.

குழந்தைகளுக்கான டி-சர்ட் ஆர்டர் அது. துணியில் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன், அதாவது நம் ஊர் பேச்சில் லைக்ரா. பக்கத் தையலுக்குள் வைத்துத் தைக்கிற வாஷ்கேர் லேபிளில் ‘100 சதவீதம் காட்டன்’ என்று அச்சாகியிருந்தது. அதே பையருக்கு முந்தைய சீசனில் செய்த ஆர்டரின் ஆர்ட்வொர்க், அதாவது லேபிளில் அச்சடிக்க வேண்டிய மாதிரி, அப்படியே போயிருக்கிறது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் தாண்டி, பெட்டியில் அடுக்கி டேப்பும் ஒட்டிய பிறகு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் முதல் பீஸை எடுத்து லேபிளைத் திருப்பிப் படித்தார். இரண்டாவது பீஸை எடுத்தார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாதாரண அச்சுப்பிழை என்று தள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் துணியில் இழை விவரம் சரியாக இருக்க வேண்டும் என்பது 1007/2011 என்ற ஒழுங்குமுறையின்படி சட்டக் கட்டாயம். தையல் கோணலாக இருந்தால் தள்ளுபடி பேசலாம். இதற்குப் பேச முடியாது.

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பேர் முதலாளி அறையில் நின்றோம். ஆளுக்கொரு போனில் மெயிலைத் திறந்து வைத்திருந்தோம். “ஆர்ட்வொர்க் அன்னிக்கே அனுப்பியாச்சுங்க” என்றேன் நான். லேபிள், பட்டன் மாதிரி அக்சஸரீஸ் பார்க்கும் அண்ணன், “எனக்குப் பழசை மாத்தணும்னு தனியா யாரும் சொல்லலீங்க, குவாலிட்டியில செக் பண்ணித்தானுங்க உள்ள விடுவாங்க” என்றார். குவாலிட்டி பார்ப்பவர், “நாங்க சைஸ், ஒட்டுற இடம், பிரிண்ட் தெளிவா இருக்கான்னு பாப்போமுங்க, வாசகம் மெர்ச்சண்டைசர் பொறுப்பு” என்றார். புரொடக்‌ஷன் மேனேஜர் எதுவும் பேசவில்லை, அவருக்கும் அந்த மெயிலில் காப்பி இருந்தது. எண்ணிப் பார்த்தேன். என் மெயில் மொத்தம் 9 பேருக்குப் போயிருந்தது. ஒருவர் பெயரும் போட்டு ‘நீங்கள் இதைச் சரிபாருங்கள்’ என்று நான் எழுதியிருக்கவில்லை.

அந்த நாலு பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

சரி, அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஓவர்லாக் தையலை இரண்டு அங்குலம் பிரித்து, பழைய லேபிளை டிரிம்மரால் வெட்டியெடுத்து, புதியதை வைத்து மறுபடி தைக்க வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும். மூன்று நாள் இரவு பகலாக ஓடியும் பாதி சரக்குதான் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலைப் பிடித்தது. மீதி விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபம் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கட்டம் இருக்கிறது, ‘ராசி’ என்பார்கள். ஜாதகத்தோடு சம்பந்தமில்லை, நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. இடது ஓரத்தில் வேலைகள், மேலே ஆட்கள். ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர் யார், பதில் சொல்பவர் யார், முன்கூட்டிக் கேட்க வேண்டியவர் யார், முடிந்ததும் தெரிவிக்க வேண்டியவர் யார் என்று நிரப்ப வேண்டும். செய்பவர் மூன்று பேர்கூட இருக்கலாம். பதில் சொல்பவர் ஒருவர்தான். இந்த ஒரு விதிக்காகத்தான் அந்தக் கட்டமே. கோவை சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை செய்யும் என் மச்சினனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். மென்பொருள் குழுக்கள் வேலையைப் பிரித்துச் செய்ய அவர்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற முறையின் வழிகாட்டியில் 2020 திருத்தத்தில் ‘பாத்திரங்கள்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘பதில் சொல்லும் பொறுப்புகள்’ என்று மாற்றினார்களாம். என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையை முடிவு செய்பவர் ஒரே ஆள், கமிட்டி கிடையாது என்றும் அதில் தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் கட்டத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆரம்பத்தில் நான் செய்த தப்பு, எல்லா வேலையையும் அதில் ஏற்றியது. ஒரு ஆர்டருக்கு 80 வரிசை. ஒட்டிய சுவரில் அது காலண்டர் மாதிரி தொங்கியது, தேதி பார்க்கக்கூட யாரும் பக்கத்தில் போகவில்லை. நிட்டிங்காரருக்கு நிட்டிங் அவர் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கத் தேவையே இல்லை. கோளாறு வருவது ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில். நூல் கடையிலிருந்து நிட்டிங்குக்கு, நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பேக்டிங், அப்புறம் கட்டிங் டேபிள். நம் தொழிலில் பாதி வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க், ஒவ்வொன்றும் வேறு வேறு கூரை. ஒரு ரோல் துணி நாலு கேட்டைத் தாண்டி வருகிறது. அந்த நாலு கேட்டுக்கும் நடுவில் இருக்கிற ரோட்டுக்கு யார் பொறுப்பு?

இந்த நடு ரோட்டு விவகாரத்தில் நாசாவே விழுந்திருக்கிறது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கிரகத்தைச் சுற்ற வேண்டிய விண்கலம் ஒன்று காணாமல் போனது. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் கொடுத்தது, வாங்கிய பக்கம் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே அளவா என்று பார்ப்பது மட்டும் விட்டுப்போனது. பையர் மெஷர்மென்ட் சார்ட் சென்டிமீட்டரில் வர, கட்டிங் மாஸ்டர் அங்குல டேப்போடு நிற்கிற ஊரில் இருக்கும் நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

அதனால் இப்போது நான் எழுதுவது ஒரே ஒரு ஏ-4 தாள். கைமாறும் இடங்கள் மட்டும், அதிகபட்சம் 15 வரிசை. லேபிள் வரிசையை அப்படியே சொல்கிறேன். வேலை: லேபிள் வாசகத்தை ஆர்டர் ஷீட்டோடு வரி வரியாக ஒப்பிடுவது. செய்பவர்: ஜூனியர் மெர்ச்சண்டைசர். பதில் சொல்பவர்: அந்த ஆர்டரின் மெர்ச்சண்டைசர். முடிந்தது என்பதற்கு அடையாளம்: வந்த கட்டிலிருந்து ஒரு லேபிளை வெட்டி, அந்தத் தாளிலேயே ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும். அது ஒட்டப்படாமல் ஸ்டோரிலிருந்து ஒரு லேபிள் லைனுக்குப் போகக் கூடாது. ‘செக் பண்ணியாச்சுங்க’ என்று யாராவது சொன்னால் தாளைக் காட்டினால் போதும், ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும்.

பொறுப்பைக் கொடுப்பது சுலபம். அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய இன்னொன்று கையை விட்டு வராது. அதிகாரம். ஒரு யூனிட்டில் செக்கிங்கில் இருந்த பெண், முன்பக்கத் துணிக்கும் கைத் துணிக்கும் நிறத்தின் ஷேட் வேறுபடுவதைத் தையலுக்கு முன்பே பார்த்துவிட்டார். லைன் சூப்பர்வைசரிடம் சொன்னார். “இப்ப ஓட்டு கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் அவர். தரம் உங்கள் பொறுப்பு என்று அந்தப் பெண்ணுக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்கள், லைனை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. ஷேட் பிரச்சினை வெளியே வந்தபோது திட்டு மட்டும் அவருக்கு வந்தது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம், உடனே சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். நாங்கள் கயிறெல்லாம் கட்டவில்லை, சிவப்புச் சீட்டு வைத்தோம். சீட்டு செருகிய பண்டல் மெஷினுக்குப் போகாது. அதை எடுக்க புரொடக்‌ஷன் மேனேஜர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம்.

முதல் வாரம் அந்தப் பெண் ஒரு சீட்டும் செருகவில்லை. பயம். இரண்டாவது வாரம் ஒன்று செருகினார், அரை மணி நேரத்தில் சூப்பர்வைசர் அதைக் கிழித்துப் போட்டார். அந்த சூப்பர்வைசர் முதலாளிக்குப் பங்காளி முறை வேண்டும். ஷெட்டே என்ன நடக்கப்போகிறது என்று பார்த்தது. முதலாளி இறங்கி வந்து, கிழிந்த சீட்டைக் கையில் எடுத்து, “இன்னொண்ணு எழுதுங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் மூன்று கூட்டம் போட்டுப் பேசியதைவிட அது வேலை செய்தது. குடும்பமாக நடத்தும் கம்பெனிகளில் இதுதான் சிக்கல். சின்ன முதலாளி, மச்சான், பெரியப்பா பையன் என்று பதவிப்பெயரே இல்லாத நாலு பேருக்கு எல்லாவற்றையும் மாற்றும் உரிமை இருக்கும், எதற்கும் பதில் சொல்லும் கடமை இருக்காது. அவர்கள் பெயரையும் தாளில் ஏதாவது ஒரு வரிசையில் எழுதிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சங்கடப்படுவார்கள், பரவாயில்லை.

இன்னொன்று, நன்றாக வேலை செய்பவர் தலையிலேயே எல்லா வரிசையும் ஏறும். ஒரே பெயர் 15-இல் 9 தடவை வந்தால், அந்த ஆள் ராஜினாமாக் கடிதத்தை எழுத ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் கடைசிக் கட்டம் ‘இவர் இல்லாவிட்டால்’. இதை நான் கற்றது கல்யாண மண்டபத்தில். மொய் மேசையைக் கவனியுங்கள். ஒருவர் நோட்டில் எழுதுவார், பக்கத்தில் இன்னொருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். எழுதுகிறவர் பணத்தைத் தொட மாட்டார். பந்திக்குப் போக வேண்டுமென்றால் சும்மா எழுந்து போக மாட்டார், பெயர் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, “இதுவரைக்கும் இத்தனாவது பக்கம்” என்று காட்டிவிட்டுத்தான் எழுவார். நம் கம்பெனிகளில் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போகிறவர் போனை சைலன்டில் போட்டுவிட்டுப் போகிறார். அந்த மூன்று நாளில்தான் பையரிடமிருந்து அப்ரூவல் மெயில் வந்து தூங்கும்.

போன மாதம் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு யூனிட்டில் இந்தத் தாளை எல்லோருமாக உட்கார்ந்து நிரப்பினோம். கட்டிங் மாஸ்டர் உட்பட எல்லோரும் தங்களுக்குப் பதிலாக ஒரு பெயர் எழுதிவிட்டார்கள். ‘தாமதமானால் விமானத்தில் அனுப்புவதா என்று முடிவெடுப்பது’ என்ற வரிசை மட்டும் முதலாளியுடையது. அவர் பேனாவை எடுத்தார், தம்பியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். “இதை அப்புறம் பாத்துக்கலாமுங்க” என்றார். நேற்று போய்ப் பார்த்தேன், அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.