மூட்டு வருத்தம் மூச்சில் தெரியும்போது

நல்லூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து பன்னிரண்டு வருடம். போன வருடம் வறட்டு இருமல் தொடங்கியது. "அடுப்புப் புகைதான் மோனை" என்றார். கிணற்றடியில் இருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியதை, வயது போட்டுது என்று நாங்களும் விட்டுவிட்டோம். கடைசியில் வைத்தியர் முதுகின் கீழ்ப்பக்கத்தில் குழாயை வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். எனக்கும் கேட்கத் தந்தார். செருப்பின் வெல்க்ரோ பட்டியை மெல்லப் பிரிக்கும் சத்தம்.

கிருமியைத் தாக்கவேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள் சொந்த உடம்பைத் தாக்குவதுதான் பெரியம்மாவுக்கு வந்த இந்த மூட்டுவாதம். அவை மூட்டோடு நிற்பதில்லை. நுரையீரலில் சுமார் 30 கோடி காற்றறைகள் உண்டு. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர், மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அங்கே அழற்சி மூண்டால், புண்ணை ஆற்றுவதற்கென்று உடம்பு கொலாஜன் என்ற புரத நாரைத் தழும்பாகப் படியவிடும். பிறகு நிறுத்தாமல் படியவிட்டுக்கொண்டே இருக்கும். பனை நுங்கு முற்றிக் கல்லுப்போன்ற சீக்காய் ஆவதுபோல நுரையீரல் இறுகும். ஒட்சிசன் கடக்கத் திணறும். மூடிக்கிடந்த நுண்ணிய காற்றுவழிகள் மூச்சிழுக்கையில் சட்டென்று திறப்பதால் எழுவதே அந்தச் சத்தம்.

இது பிந்திப் பிடிபடுவதற்கு மூட்டு நோவே ஒரு காரணம். முழங்கால் நோகும் ஆள் நடையைக் குறைத்துவிடுவார்; நடக்காதவருக்குக் களைப்புத் தெரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று பார்க்கும் ஒக்சிமீற்றர் இருந்தபடி 97 காட்டியது; பெரியம்மா விறாந்தையில் ஆறு நிமிடம் நடந்ததும் 88 காட்டியது. தொடக்கத்தில் எக்ஸ்றேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம், நுண்ணிய சி.ரி. ஸ்கானில் தெரியும்.

மூட்டுவாதம் பெண்களுக்கே கூட வந்தாலும், அதனால் நுரையீரல் தழும்பாகும் ஆபத்து ஆண்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அதிகம். சுருட்டை விடாத எங்கள் அப்பப்பாமாரை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன். தோல் இறுகும் ஸ்க்ளிரோடேர்மாவில் இது இன்னும் பரவலானது. அந்த வருத்தக்காரருக்கு விரல் குளிர்ந்து வெளிறுவதால் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் பிழையாகக் காட்டலாம்; நெற்றியில் வைத்துப் பார்ப்பது நல்லது.

விழுந்த தழும்பை எடுக்க மருந்தில்லை. மேலும் விழுவதைத் தாமதிக்கலாம். மைக்கோஃபீனோலேற் என்ற மருந்து நோயெதிர்ப்பை அடக்கும். நின்டெடானிப் நார் படிவதை மெதுவாக்கும். எதிர்ப்பை அடக்கும் மருந்து குடிப்பவருக்கு இருமலோடு காய்ச்சல் வந்தால் அது கசநோயாகவும் இருக்கலாம். மூட்டுக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேற்றே அரிதாக நுரையீரலில் அழற்சியைக் கிளப்புவதும் உண்டு. எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது. அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல், குடிக்கும் மருந்துகளையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.