நொடிக்கு 224 லிட்டர் காற்று

1967 ஜூன் 4. நெதர்லாந்தின் கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே ஸாண்ட்வோர்ட் பந்தயத்தளம். லோட்டஸ் அணி இரண்டு புதிய கார்களோடு வந்திருந்தது. இரண்டிலும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரே மாதிரியான இன்ஜின். அதற்கு முன் அது எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. கிரஹாம் ஹில் எல்லாருக்கும் முன்னால் நின்று புறப்பட்டார். 11 சுற்றுகள்தான். டைமிங் கியர் கெட்டு கார் நின்றுபோனது. எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்ட ஜிம் கிளார்க் பந்தயத்தையே வென்றார்.

ஒரே வரைபடம், ஒரே பட்டறை, ஒரே நாள். ஒன்று நின்றது, ஒன்று வென்றது. அந்த இன்ஜினின் பெயர் காஸ்வொர்த் டிஎஃப்வி. 1983 வரை அதுவும் அதன் வழிவந்த இன்ஜின்களும் 155 ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றன. அதன் பெரும்பகுதியை வரைந்தவர் கீத் டக்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1958-இல் மைக் காஸ்டினோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் அது; இருவர் பெயரையும் ஒட்டவைத்து காஸ்வொர்த் ஆக்கிக்கொண்டார்கள். ஃபோர்டு நிறுவனம் 1 லட்சம் பவுண்டு கொடுத்தது. அந்தத் தொகைக்குள் இரண்டு இன்ஜின்கள் வரவேண்டும்: முதலில் 1,600 சிசி நாலு சிலிண்டர், பிறகு 3,000 சிசி எட்டு சிலிண்டர்.

அதிவேக இன்ஜினை எப்படி யோசித்துக் கட்டுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இன்ஜினைத்தான் காட்டுவேன். இதில் மர்மமான உலோகம் எதுவும் இல்லை, டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் எல்லாம் கடைசியில் போய் நிற்பது காற்றில்.

சக்தி பெட்ரோலில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோலை உள்ளே அனுப்புவது பெரிய வேலை அல்ல. ஒரு பம்பும் ஊசித் துளையும் போதும். ஒரு கிராம் பெட்ரோல் ஒன்றரை மில்லிகூட வராது. அது முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் காற்று 12 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு சொட்டுப் பெட்ரோலுக்கு ஒரு குடம் காற்று. எனவே இன்ஜின் கட்டுபவரின் முதல் கேள்வி, ஒரு நொடியில் எவ்வளவு காற்றை உள்ளே விடமுடியும் என்பதே.

டிஎஃப்வியின் கொள்ளளவு 2,993 சிசி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எல்லா சிலிண்டர்களும் நிரம்பும். தொடக்கத்தில் அது நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடியது, அதாவது நொடிக்கு 150. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு சுமார் 224 லிட்டர் காற்று. முழுவேகத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் அரை நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு இது முதலில் புரிந்தபோது பெரிய திறப்பாக இருந்தது. டிஎஃப்வி 400 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் கொடுத்தது. அதைத் திருப்புவிசையாக, அதாவது டார்க்காக மாற்றினால் சுமார் 317 நியூட்டன் மீட்டர். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 106. நம் தெருவில் ஓடும் சாதாரண 1,200 சிசி பெட்ரோல் கார், லிட்டருக்கு 90-க்கு மேல் கொடுக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்! ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைத் தள்ளும் தள்ளில் உலகச் சாம்பியனுக்கும் வீட்டுக் காருக்கும் ஆறில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. வீட்டுக் கார் அந்தத் தள்ளை 4,000 சுற்றுக்குப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, மேலே போகப் போக மூச்சு வாங்குகிறது. பந்தய இன்ஜின் அதே தள்ளை 9,000 சுற்றிலும் விடாமல் கொடுக்கிறது. குதிரைத்திறன் என்பது தள்ளும் சுற்றும் பெருகிய தொகை. ஆகவே பந்தய இன்ஜின் செய்வது என்றால், வேகமாகச் சுற்றும்போதும் மூச்சுத் திணறாத இன்ஜினைச் செய்வது.

வேகமாகச் சுற்றுவதற்கு விலை உண்டு. பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. 9,000 சுற்றில் இது நொடிக்கு 150 முறை. மேல்முனையில் அது திரும்பும்போது ஏற்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 3,500 மடங்குக்கு மேல். பிஸ்டனும் அதைப் பிணைக்கும் சிறு தண்டும் ரிங்குகளும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில், பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை அது 1,750 கிலோ எடை தொங்குவதுபோல இழுக்கிறது. வெடிப்பின் அழுத்தத்தைவிட இந்த இழுவைதான் ராடின் போல்ட்டுகளை அறுக்கும். சுற்று இரட்டிப்பானால் இழுவை நாலு மடங்கு.

தப்பிக்க வழி, பிஸ்டன் பயணிக்கும் தூரத்தைக் குறைப்பது. டிஎஃப்வியின் சிலிண்டர் விட்டம் 85.67 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் சுமார் 65 மட்டுமே. அகலமான, குட்டையான சிலிண்டர். அகலத்தால் இன்னொரு லாபமும் உண்டு: மேலே வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அகலமும் குட்டையுமான சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் தோசைபோலப் பரந்து மெலிந்துவிடும். அதில் தீ பரவுவது கஷ்டம். டக்வொர்த்தின் உண்மையான சாதனை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு என்பது புதிதல்ல. பெஜோ பந்தயக் கார்கள் 1912-லேயே அதைச் செய்தன. வால்வு திறக்கும்போது காற்று நுழைவது அதன் விளிம்பைச் சுற்றியுள்ள வளைய இடைவெளி வழியாக. 44 மில்லிமீட்டர் வால்வு ஒன்றின் சுற்றளவு 138 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 34 மில்லிமீட்டரில் இரண்டு வைத்தால் சுற்றளவு 214. அதே உயரம் திறந்தாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் வழி கிடைக்கிறது. சின்ன வால்வு எடையும் குறைவு. 9,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. கனமான வால்வு என்றால் ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுத்து மூடுவதற்குள் பிஸ்டன் வந்து மோதிவிடும்.

அந்தக் காலத்துப் பந்தய இன்ஜின்கள் பலவற்றில் உள்வால்வும் வெளிவால்வும் கூரையின் இரண்டு சரிவுகள்போல ஒன்றுக்கொன்று நன்றாகச் சாய்ந்திருக்கும். பெரிய வால்வு வைக்க அது வசதி. ஆனால் அப்படிச் சாய்த்தால் எரிகலம் உயரமான குவிமாடமாகிவிடும். நல்ல அமுக்கம் வேண்டுமென்றால் அந்தக் குவிமாடத்தை நிரப்பப் பிஸ்டனின் தலையையும் மேடாக்க வேண்டும். மிஞ்சுவது ஆரஞ்சுத் தோல்போல் வளைந்த மெல்லிய இடம். நடுவில் பற்றிய தீ அந்த மேட்டைச் சுற்றி நடந்து ஓரத்துக்குப் போவதற்குள் வெப்பத்தில் ஒரு பகுதி உலோகத்துக்குள் இறங்கிவிடுகிறது. தீ மெதுவாகப் பரவுவதால் பொறியை முன்கூட்டியே விடவேண்டும். அப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் எரியும் வாயுவையே எதிர்த்துத் தள்ளவேண்டி வரும்.

டக்வொர்த் வால்வுகளை நிமிர்த்தினார். இரண்டு வரிசைக்கும் இடையே 32 டிகிரிதான். எரிகலம் தாழ்வான ஓட்டுக்கூரைபோல ஆனது. பிஸ்டனின் தலை கிட்டத்தட்டத் தட்டை. ஸ்பார்க் பிளக் நட்டநடுவில். தீ எந்தப் பக்கம் போனாலும் குறுகிய தூரம். இன்னொன்றும் நடந்தது. காற்று வரும் பாதை செங்குத்தானதால், உள்ளே பாய்ந்த காற்று எதிர்ச்சுவரில் இறங்கி, பிஸ்டன் மேல் திரும்பி, பீப்பாய் உருள்வதுபோல் உருண்டது. பிஸ்டன் மேலேறி நெருக்கும்போது அந்த உருளல் நசுங்கி ஆயிரம் சிறு சுழல்களாகச் சிதறுகிறது. அந்தச் சுழல்கள் தீயை இழுத்துப் பரப்புகின்றன. பரந்து மெலிந்த இடத்தில் தீ எப்படிப் பரவும் என்ற சிக்கல் இந்த உருளலில் தீர்ந்தது. பிறகு வந்த நாலு வால்வு பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில், உங்கள் வீட்டுக் காரும் சேர்த்து, இதே குறுகிய கோணமும் தட்டைப் பிஸ்டனும்தான் இருக்கின்றன.

முதலில் கட்டிய நாலு சிலிண்டர் இன்ஜின், வால்வுகள் உட்காரும் இந்த மேல்மூடியை, அதாவது ஹெட்டைச் சோதிப்பதற்கான களம். அது நன்றாக ஓடிய பிறகே அதே வகை ஹெட் இரண்டை ஒரே கிராங்கின் மேல் 90 டிகிரியில் விரித்து வைத்தார்கள். கிராங்கும் தட்டையானது, அதாவது அதன் வளைவுகள் எல்லாம் ஒரே தளத்தில்; அதனால் ஒவ்வொரு பக்கமும் தனி நாலு சிலிண்டர் இன்ஜின்போலச் சீரான இடைவெளியில் வெடித்தது. நாலு புகைக்குழாய்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சிலிண்டரின் வெளிமூச்சு பக்கத்து சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். அதிர்வு கூடும். அந்த விலையைக் கொடுத்தார்கள்.

காற்றுக்கு எடை இருப்பதையும் பயன்படுத்தினார்கள். குழாயில் வேகமாக ஓடிவரும் காற்று, பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டுத் திரும்பிய பிறகும் சற்று நேரம் தன் வேகத்தில் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதனால் உள்வால்வைத் தாமதமாக மூடினால் சிலிண்டர் இன்னும் நிரம்பும். மெதுவாக ஓட்டும்போதோ காற்றுக்கு அந்த வேகம் இல்லை. உள்ளே வந்தது திரும்பி வெளியே போய்விடும். பந்தய இன்ஜின் குறைந்த சுற்றில் இருமிக்கொண்டு நிற்பது பழுதினால் அல்ல.

வரைவது பாதி வேலை. கட்டுவது மீதி. ஒரு போரிங் பட்டறையில் நின்று பார்த்த ஒன்றை மறக்கமுடியாது. சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்யும் முன், மேலே தடித்த இரும்புத் தகடு ஒன்றை வைத்து, ஹெட் போல்ட்டுகளை இறுக்குவதுபோலவே இறுக்கினார் மிஸ்திரி. ஏன் என்று கேட்டேன். டயல் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கிக் காட்டினார். தகடு இல்லாதபோது வட்டமாக இருந்த சிலிண்டர், போல்ட் இறுகியதும் லேசாகக் கோணியது, முள் நகர்ந்தது. ஹெட் ஏறிய பிறகு சிலிண்டர் எந்த வடிவத்தில் இருக்கப்போகிறதோ அந்த வடிவத்தில் வைத்துத்தான் அதை வட்டமாக்க வேண்டும். வெறும் பிளாக்கில் வட்டமாகத் தேய்த்தால், ஓடும்போது அது வட்டமல்ல. ரிங் ஓரம் வழியே வாயு கசியும்.

பேரிங் இடைவெளியும் அப்படித்தான். இரண்டு அங்குல கிராங்குக்குப் பேரிங்கில் விடவேண்டிய இடைவெளி பழைய விதிப்படி அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர். தலைமுடி அளவு. அதை அளக்க மெழுகுபோன்ற மெல்லிய நூல் ஒன்று இருக்கிறது. கிராங்கின் மேல் ஒரு துண்டை வைத்து, மூடியை இறுக்கி, மறுபடி கழற்றினால் நூல் நசுங்கி ரிப்பனாகியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ இடைவெளி அவ்வளவு குறைவு. இடைவெளி குறைந்தால் எண்ணெய்ப் படலம் சூடேறி பேரிங் பிடித்துக்கொள்ளும். கூடினால் எண்ணெய் ஓரமாக வழிந்து அழுத்தம் இறங்கும். எட்டு எரிகலங்களின் கொள்ளளவையும் பியூரெட் என்ற அளவுக்குழாயில் நிறநீர் விட்டு அளந்து சமன் செய்கிறார்கள். ஒன்று மட்டும் சிறியதாக இருந்தால் அங்கே அமுக்கம் கூடி, முதலில் நாக்கிங், அதாவது கலவை தானாகவே பற்றி வெடிப்பது, வருவது அந்த சிலிண்டரில்தான். எட்டும் ஒத்திருந்தால்தான் எல்லாவற்றையும் எல்லைவரை கொண்டுபோக முடியும்.

லோட்டஸ் 49-இல் இந்த இன்ஜினுக்கு வேறொரு வேலையும் இருந்தது. காரின் சட்டம் ஓட்டுநரின் முதுகோடு முடிந்துவிடும். பின்சக்கரங்களும் கியர்பாக்ஸும் தொங்குவது இன்ஜினிலிருந்து. இன்ஜின்தான் காரின் முதுகெலும்பு. ஆனால் சூடானால் உலோகம் நீளும். அரை மீட்டர் அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று விரிசல் விடும். அதனால் கீழே இரண்டு போல்ட்டுகளில் உறுதியாகப் பிடித்துவிட்டு, மேலே மெல்லிய தகடுகளில் கட்டினார்கள். முன்பின் இழுவைக்கு அந்தத் தகடு அசையாது. பக்கவாட்டில் இன்ஜின் விரியும்போது வளைந்து கொடுக்கும்.

இனி, ஸாண்ட்வோர்ட்டில் ஹில்லை நிறுத்திய கியருக்கு வருகிறேன். கிராங்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கு ஒரு கியர் வரிசை போகிறது. கேம் ஒரு வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளவேண்டும். கியர் அதை முன்னால் இழுக்கிறது. உச்சியைத் தாண்டியதும் அமுங்கிய ஸ்பிரிங் கேமைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இப்போது கேம்தான் கியரை ஓட்டப் பார்க்கிறது. ஒரு பக்கத்தில் எட்டு உள்வால்வு, எட்டு வெளிவால்வு. இந்த முன்தள்ளும் பின்தள்ளும் நொடிக்குப் பல நூறு முறை. கிராங்கும் தன் பங்குக்கு முறுக்கி முறுக்கி அதிர்கிறது. சராசரியைக் கணக்கிட்டால் சுமை சொற்பம். அந்தந்தக் கணத்து உச்சத்தைப் பார்த்தால் பற்களின் மேல் சுத்தியல் அடி. எஃகை இன்னும் கெட்டியாக்குவதால் மட்டும் இது தீராது, ஏனென்றால் விறைப்பான கியர் அடியை அப்படியே வாங்குகிறது.

சில ஆண்டுகள் கழித்து டக்வொர்த் கண்ட விடை எதிர்த்திசையில் இருந்தது. கியரின் மையத்துக்குள் 12 மெல்லிய எஃகுத் தண்டுகளை வட்டமாக அடுக்கினார். சுமை அவற்றின் வழியாகத்தான் போகவேண்டும். அடி விழும்போது ஒவ்வொரு தண்டும் துளி முறுக்கி விட்டுக்கொடுத்து, மறுகணம் நிமிர்ந்துகொள்ளும். கேமின் நேரம் பெரிதாகத் தவறாது; பற்களுக்கு அடியின் கூர்மை போய்ச் சேராது. ஒரு கைக்குள் அடங்கும் அந்தச் சாதனம் வந்த பிறகு, அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்ஜினின் சுற்று 9,000-இலிருந்து 11,000-ஐ நோக்கி ஏறியது. பற்கள் தாங்கின.