"கையெழுத்து மட்டும் போடுங்க, போதுமுங்க"

போன மாசி மாதம் பவானிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் கூட்டுறவுத் துறையின் நோட்டீஸ். ஊர்க் கடன் சங்கத்தில் ஐந்து வருடம் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தவர். சங்கத்துக்கு ஏற்பட்ட இழப்பில் ஒரு பங்கை உங்களிடம் ஏன் வசூலிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

"ஒத்தப் பைசா நான் தொட்டதில்லைங்க. தீர்மான நோட்டை வீட்டுக்கே கொண்டு வருவாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, போதுமும்பாங்க. போட்டேனுங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கூட்டுறவுத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி முகங்களை நிறையப் பார்த்துவிட்டேன். பணத்தை எடுத்தவர் வேறு யாரோ. அதற்கு அனுமதி கொடுத்த தாளில் இருப்பது இவர் பெயர்.

அவர் எப்படி அந்தக் குழுவுக்கு வந்தார் என்று கேட்டேன். 2018 தேர்தல். குழுவில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 18 விழுக்காடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்மூரில் யார் யார் நிற்பது என்ற பட்டியல் வேட்புமனு நாளுக்கு முன்பே யாராவது ஒருவர் தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டில் போட்டு முடிவாகிவிடும். தலைவராக வர நினைப்பவர் தனக்குத் தோதான ஆட்களை எழுதிக்கொள்வார். ஒதுக்கீட்டு இடங்களுக்கு, எதிர்த்துக் கேள்வி கேட்காத ஆளாகத் தேடுவார்கள். வேறு யாரும் மனுப் போடவில்லை என்றால் போட்டியின்றித் தேர்வு. வாக்குப்பெட்டியே திறக்காது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: தலைவரை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுப்பது குழுவை; குழுவிலுள்ளவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகவும் ஒருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் கடைசி இடத்துக்கு வருகிற ஆளும் முக்கியம். சங்க உறுப்பினர் ஒருவர் ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் குழுத் தேர்தலில் ஒரே வாக்குதான். நேரில்தான் போட வேண்டும். எனக்குப் பதிலாக என் தம்பி போடுவான் என்பதெல்லாம் செல்லாது. தவணை தவறிய கடன் வைத்திருப்பவர் குழுவுக்கு வர முடியாது.

வாக்காளர் பட்டியல் தனிக் கதை. இறந்து பத்து வருடம் ஆனவரும் அதில் உறுப்பினராகவே இருப்பார். பங்குத்தொகை கட்டிய ரசீது வைத்திருக்கிறவர் பெயர் இருக்காது. பட்டியலை ஒட்டி ஆட்சேபணைக்கு நாள் கொடுக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். யாரும் போவதில்லை. மஞ்சள் ஏலத்தில் எடை அரைக் கிலோ குறைந்தால் விடாத விவசாயி, சென்னிமலைப் பெட்ஷீட்டில் ஓர் இழை விட்டுப்போனால் தொட்டே கண்டுபிடிக்கிற நெசவாளி, இவர்களெல்லாம் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவைக் கூட்டத்துக்கு வந்து காபி குடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, வரவு செலவு வாசிப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இது இன்றைக்கும் புரியாத விஷயம்.

சங்கத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்டது எப்போதும் தீர்மானப் புத்தகத்தைத்தான். ரொக்கப் புத்தகம் அப்புறம். மூன்று மாதக் கூட்டங்களின் கையெழுத்துகள் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். கடைசித் தீர்மானத்துக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே நாலு வரி காலியாக விட்டிருப்பார்கள். பிறகு நுணுக்கி எழுதிய ஒரு தீர்மானம் அங்கே வந்து உட்காரும். ஒருமுறை தைப்பூசத்தன்று கூட்டம் நடந்ததாகப் பதிவு. வந்ததாகக் கையெழுத்திட்டிருந்தவர் அன்று காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தவர். அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நகைக்கடன், உரம் வாங்கிய செலவு, ஆள் நியமனம், வைப்புத்தொகையை எங்கே போடுவது, எல்லாமே அந்த நோட்டு வழியாகத்தான் போகிறது. கணக்கில் ஓட்டை விழுந்தால் 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவில் விசாரணை வரும். அடுத்தது 87. தண்டத்தீர்வை என்பார்கள், அதாவது இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிப்பது. நம்பிக்கை மோசடி செய்தவரோடு, தெரிந்தே அலட்சியமாக இருந்து சங்கத்துக்கு நஷ்டம் வரவிட்டவரிடமும் வசூலிக்கலாம். ஆள் இறந்துவிட்டால் வாரிசுக்கு நோட்டீஸ் போகும். விளக்கம் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் "படிக்காமல் போட்டேன்" என்பது விளக்கமாகாது.

நாளைக்குக் குழுவுக்கு நிற்கப்போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நோட்டு வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்த பிறகு கையெழுத்து. பிடிக்காத தீர்மானம் என்றால் வாயால் சொன்னால் போதாது, "எனக்கு உடன்பாடில்லை" என்று உங்கள் பெயரோடு நோட்டில் ஏற வேண்டும். மாதாமாதம் வங்கி இருப்பைக் கேளுங்கள், தவணை தவறிய கடன் பட்டியலைக் கேளுங்கள். நகைப் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். செயலாளர் முகம் கோணினால் கோணட்டும்.

சாதாரண உறுப்பினருக்கும் வழி இருக்கிறது. சங்கத்தில் தகவல் தர மறுத்தால், துறையின் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சங்கத்திடமிருந்து கூட்டுறவுப் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவல் அவர் வழியாகக் கிடைக்கும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப்பில், கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, அதை நம்பிப் போய் வாதாட வேண்டாம். அதன் முக்கியப் பகுதி மாநிலச் சங்கங்களுக்குச் செல்லாது என்று 2021 ஜூலையில் தீர்ப்பாகிவிட்டது. நமக்கு 1983 சட்டம், 1988 விதிகள், உங்கள் சங்கத்தின் துணைவிதி.

2018 குழுக்களின் காலம் 2023-இல் முடிந்து, குழுக்களின் இடத்தில் சங்கத்தை நடத்தத் தனி அலுவலர்கள் வந்தார்கள். குழு கலைந்ததோடு பொறுப்பும் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவருக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தோம். ஒரு கூட்டத்தில் மட்டும் "இவ்வளவு பெரிய தொகை எதுக்குங்க?" என்று கேட்டதாக நினைவுபடுத்திச் சொன்னார். அந்தத் தேதியின் பக்கத்தைத் தேடி எடுத்தோம். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது. கீழே நாலாவதாக அவர் கையெழுத்து.