காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

நுகர்வோர் வழக்குகள் நடத்தும் எனக்கு டிசம்பரும் ஜனவரியும் விமானப் பயணிகள் தேடிவரும் மாதங்கள். புயல், பனிமூட்டம், போகிப் புகை எல்லாம் இந்த இரண்டு மாதங்களில்தான் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்களிடம் கோபம் நிறைய இருக்கும். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் இரவு 9.40க்குச் சென்னையிலிருந்து டெல்லி புறப்பட வேண்டியவர். விமானம் முதலில் 10.30க்கு என்றார்கள். அது 11.45 ஆகி, 1.30 ஆகி, கடைசியில் விடியற்காலை 4.50இல் வந்து நின்றது. கடனைத்தான் தவணையில் அடைப்பார்கள்; இவர்கள் தாமதத்தைத் தவணையில் கொடுத்தார்கள். இரண்டு மணிக்குப் பொறுமையிழந்த அவர், கைப்பேசிச் செயலியில் தானே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். வழக்கின் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. பயணி தானாக ரத்து செய்தால் அது அவருடைய விருப்பம் என்று கணக்காகும். ரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அவர் செய்திருக்க வேண்டியது வேறு. தாமதத்தின் பெயரால் முழுப் பணத்தையும் கவுன்ட்டரில் கேட்டு, அதே கோரிக்கையை அங்கிருந்தே மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்க வேண்டும்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால் 2 மணி நேரத் தாமதத்திலும், இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதத்திலும் விமான நிறுவனம் உணவு தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமா, முழுப் பணமா என்பது பயணியின் தேர்வு. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் அறையும் தர வேண்டும். நம்மவருக்கு இவை அனைத்தும் உரியவை. அவரோ விமான நிலைய விலையில் ஒரு தோசை வாங்கித் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

'வானிலை சார், நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று கவுன்ட்டரில் சொன்னார்களாம். இந்த ஒற்றைச் சொல்லில்தான் பணம் இருக்கிறது. வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற, நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலைய ஓடுபாதையே மூடப்பட்டது. அதற்கு யாரிடம் போய் இழப்பீடு கேட்பது? ஆனால் 2025 டிசம்பரில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதற்கு முதன்மைக் காரணம் வானிலை அல்ல. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புதிய விதிக்கு ஏற்ப முன்கூட்டியே திட்டமிடாததுதான். ஆகவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், மறுத்ததையே மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

உண்மையிலேயே வானிலைதான் என்றாலும் பட்டினி போட முடியாது. டெல்லிப் பனிமூட்டத்தில் சிக்கிய ஒரு விமானம் பற்றிய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்றது; ஆனால் காத்திருக்கும் பயணியைக் கவனிக்கும் குறைந்தபட்சக் கடமை மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் உண்டு என்றும் சொன்னது.

ரத்து என்றால் கணக்கு வேறு. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான் கிடைக்கும். இதில் பலர் சறுக்குவது ஓர் அற்ப விஷயத்தில்: டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டின் எண்தான் முன்பதிவில் இருக்கும். ரத்துச் செய்தி அவருக்குப் போகும்; அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பயணி தன் தொடர்பு எண்ணைத் தரவில்லை என்று நிறுவனம் கைவிரித்துவிடலாம். பணத்துக்குப் பதிலாக 'அடுத்த பயணத்துக்கு வரவு' என்று நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் என்று வாங்குகிறவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணி என்றே எழுதிக்கொள்ளும்.

என் தொழிலுக்கு எதிராகவே ஒன்று சொல்கிறேன்: இதற்கெல்லாம் வழக்கறிஞர் கட்டாயமில்லை. முதலில் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலோ, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலோ புகார் செய்யலாம். தீரவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

டெல்லி போகவிருந்தவரைக் காப்பாற்றியது அவருடைய மகள். பொழுதுபோகாமல் புறப்பாட்டுப் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அதே இரவில் வேறு இரண்டு டெல்லி விமானங்கள் கிளம்பிப் போயிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. படத்தை இணைத்து நோட்டீஸ் அனுப்பிய மூன்றாவது வாரம், பிடித்த கட்டணத்தைத் திருப்பினார்கள். தோசைக் காசு வரவில்லை. ரசீதைக் கசக்கி எறிந்துவிட்டாராம்.